ஊர் வரைக்கும் ஓடுமா?

மின்சார வண்டி வாங்கலாமா என்று நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் கேட்கும்போது, கொஞ்ச நேரம் விலை, வண்ணம், கம்பெனி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "அதெல்லாம் சரி சார், ஊர் வரைக்கும் ஓடுமா?" ஆபீசுக்குப் போய்வர, மார்க்கெட்டுக்குப் போய்வர இன்று கடையில் நிற்கும் எந்த வண்டியும் போதும். அதை யாரும் கேட்பதில்லை. பெங்களூரில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு ஊர் என்பது கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், திருவண்ணாமலை, சேலம் என்று நூறிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை இருக்கிறது. ரயிலேறிப் போக மிகவும் கிட்டம். ஸ்கூட்டரில் போகக் கொஞ்சம் தூரம். இந்த இரண்டுங்கெட்டான் தூரத்துக்கு வண்டி தேடி ஒன்றரை வருடம் அலைந்து, கணக்குப் போட்டு, ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டும் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் ஊர் செங்கத்திலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே. அல்சூரில் என் வீட்டு வாசலிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அம்மாவுக்கு வயது 81. பெங்களூர் வந்தால் மூன்றாம் நாளே, "எனக்கு இங்கே மூச்சு முட்டுது, கொண்டுபோய் விட்டுடு" என்பார். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நான்தான் போகிறேன். செங்கம் வரை பஸ்ஸுக்குக் குறைவில்லை. அதற்கு மேல் அந்த 9 கிலோமீட்டருக்கு டவுன் பஸ் வரும், வராது. ஒரு நாள் பயணத்தில் இரண்டு மணி நேரம் செங்கம் பஸ் நிலையத்திலேயே கழிந்துவிடும். அதனால் பத்துப் பதினைந்து வருடமாக மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பழைய வண்டி ஓய்ந்துபோய், புது வண்டி வாங்கும் வேளை வந்தபோது பையன், "பெட்ரோல் வண்டி வேண்டாம்ப்பா" என்றான். அங்கிருந்துதான் ஆரம்பம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஊருக்குப் போகும் சாலையே மின்சார ஸ்கூட்டர்கள் பிறக்கும் சாலை. ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர் தொழிற்சாலைகள். சூளகிரியில் சிம்பிள். கிருஷ்ணகிரி தாண்டினால் போச்சம்பள்ளியில் ஓலா. ஏதரைத் தொடங்கிய இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். இத்தனையும் வழியிலேயே இருக்க, அந்த வழியில் ஒரு ஸ்கூட்டர் முழுதாகப் போய்ச் சேருமா என்பதற்கு மட்டும் கடையில் யாராலும் நேரான பதில் சொல்ல முடியவில்லை.

கடைக்காரர் சொல்லும் கிலோமீட்டரை முதலில் பார்ப்போம். விளம்பரத்தில் 150, 180, 200 என்று போட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அது நம் பயணமும் அல்ல. ஐ.டி.சி. என்ற இந்திய ஓட்டச் சோதனைப்படி அளந்த தூரம் அது. அந்தச் சோதனையில் வண்டியின் உச்ச வேகமே மணிக்கு 42 கிலோமீட்டர்தான். சராசரி வேகம் 22 கூட முழுசாக இல்லை. அதாவது சிவாஜி நகர் போக்குவரத்தில் போவதுபோல. ஓசூர் ரோட்டில் 22 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் நம் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துவிடுவார். எனவே அந்த எண்ணை வண்டிக்கு வண்டி ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் கணக்குக்கு வேறு எண் வேண்டும்.

அந்த எண் பாட்டரியின் அளவு. கிலோவாட் அவர் என்று போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட்தான் அது. 3.7 கிலோவாட் அவர் பாட்டரி என்றால் 3.7 யூனிட் கொள்ளும் தொட்டி, அவ்வளவே. ஒரு யூனிட்டுக்கு நம் வண்டி, நம் வேகத்தில், நம் எடையோடு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்.

எத்தனை ஓடும் என்பது முக்கால்வாசியும் வேகத்தைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் நாம் சண்டை போடுவது காற்றோடு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 50-லிருந்து 80-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது, ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது. பெட்ரோல் வண்டியிலும் இதே கதைதான். வழியெங்கும் பங்க் இருப்பதால் நாம் கவனித்ததில்லை. சுமாரான உடம்பு உள்ள ஒருவர் ஸ்கூட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து போனால், 50 கிலோமீட்டர் வேகத்தில் யூனிட்டுக்கு 28, 29 கிலோமீட்டர் கிடைக்கும். 65-ல் அது 20 ஆகிவிடும். 80-ல் பிடித்தால் 15-க்கு வந்துவிடும். ஆக ஒரே வண்டி, ஒரே பாட்டரி, ஒருவருக்கு 140 கிலோமீட்டர் ஓடும், இன்னொருவருக்கு 75-ல் படுத்துவிடும். இருவரும் அவரவர் ஸ்கூட்டரைப் பற்றி நம் சங்க வாசலில் சத்தியம் செய்வார்கள்.

அப்படியானால் 50-லேயே போகலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்திப்பள்ளி தாண்டியதும் அந்த எண்ணம் போய்விட்டது. 70-ல் லாரியும் 90-ல் ஆம்னி பஸ்ஸும் போகும் சாலையில், 50-ல் போகிறவனை எல்லோரும் முந்திக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் காற்று நம்மை ஒரு முழம் தள்ளும். மிச்சப்படும் மின்சாரத்துக்கு உயிரைப் பணயம் வைக்க முடியாது. என் அனுபவத்தில் இடது ஓரத் தடத்தில் 60 என்பதுதான் மனதுக்கும் பாட்டரிக்கும் ஒத்துவரும் வேகம். அதில் யூனிட்டுக்கு 23, 24 கிலோமீட்டர் வருகிறது. நெடுந்தூரத்துக்கு வண்டி பார்க்கும் அன்பர்கள் யூனிட்டுக்கு 22 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

இதை நான் புத்தகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. கடையில் ஓட்டிப் பார்க்கக் கேட்டால் தெருமுனை வரை போய்த் திரும்பச் சொல்வார்கள். அதில் ஹாரன் வேலை செய்கிறதா என்பதுதான் தெரியும். எனவே தினவாடகைக்கு 3.7 யூனிட் பாட்டரி உள்ள ஒரு ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் என் மனைவி, காலடியில் 20 கிலோ அரிசி மூட்டை. அல்சூரிலிருந்து ஓசூர் பஸ் நிலையம், அங்கே ஒரு காபி, திரும்ப அல்சூர். மொத்தம் 78 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பாட்டரி சதவீதத்தை மனைவி ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டே வந்தாள். அடுகோடி சிக்னலில் 15 சதவீதத்துக்குக் கீழே போனதும் வண்டி தானாகவே சோம்பிவிட்டது; எவ்வளவு முறுக்கினாலும் 40-க்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தபோது 12 சதவீதம். கடையில் அதே அளவு பாட்டரிக்கு 150 சொன்னார்கள். எங்கள் சிட்டைப்படி முழுக்க உறிஞ்சினாலும் 90-ஐத் தாண்டாது. நானூறு, ஐநூறு ரூபாய் வாடகையில் கிடைத்த இந்த ஞானத்துக்கு ஈடாக எந்த விளம்பரத் தாளையும் சொல்ல மாட்டேன். வாங்க நினைக்கிறவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள். பின்னால் உட்காருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி வாங்குவதில் அவர்கள் ஓட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இன்னொரு விஷயம், ஏற்ற இறக்கம். நம்மூர் மேட்டுநிலம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500. சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் வண்டி தானே உருளும். முறுக்கை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பாட்டரிக்குக் கொஞ்சம் திருப்பியும் தரும். திரும்பி வரும்போது அந்தக் கடனை வட்டியோடு கட்ட வேண்டும். வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து 230 கிலோவை 400 மீட்டர் மேலே தூக்கக் கால் யூனிட் மின்சாரம். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 0.3 யூனிட். ஆகவே அதே சாலையில் போவதற்கும் வருவதற்கும் பத்துக் கிலோமீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். ஆனி, ஆடியில் இதன்மேல் இன்னொரு வரி உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தத் தென்மேற்குக் காற்று, செங்கத்திலிருந்து பெங்களூருக்கு மேற்கு நோக்கி வருகிறவன் முகத்தில்தான் அடிக்கும். 60-ல் போகிறவனுக்கு எதிர்க்காற்று 15 என்றால் பாட்டரிக்கு அது கிட்டத்தட்ட 75-ல் போவதுபோல. அந்த இரண்டு மாதமும் நான் ஊரிலிருந்து விடியற்காலை, காற்று எழும் முன் கிளம்பிவிடுவேன். போகும்போது வந்த கணக்கை நம்பித் திரும்புகிறவர்கள் சூளகிரி மேட்டில் கஷ்டப்படுவார்கள்.

சரி, ஸ்கூட்டரா, மோட்டார் சைக்கிளா? தூரம் ஒன்றையே பார்த்தால் மோட்டார் சைக்கிள்தான். பெங்களூரிலேயே தயாராகும் அல்ட்ராவயலட் எஃப்77 வண்டி 2022 நவம்பரில் வந்தது. அதன் பெரிய பாட்டரி 10.3 யூனிட், சோதனைத் தூரம் 323 கிலோமீட்டர் என்கிறார்கள். என் கணக்கு முறையில் பார்த்தாலும் ஊர் வரைக்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்து, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். 17 அங்குலச் சக்கரம், நெடுஞ்சாலையில் அசையாத ஓட்டம். இளைஞர்கள், தனியாகப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தப் பாட்டரியோடு விலை நான்கு லட்சத்தை ஒட்டிப் போகிறது. எடை 200 கிலோவுக்கு மேல். பின் இருக்கை உயரத்தில் ஒரு சின்னத் திண்டு. புடவை கட்டிய பெண்மணி அதில் ஒருக்களித்து உட்கார்ந்து 170 கிலோமீட்டர் வருவது நடக்காத காரியம். போகும்போது கையில் மருந்து, பழம். வரும்போது அரிசி மூட்டை, தேங்காய், வேர்க்கடலை. இவற்றை அந்த வண்டியில் எங்கே வைப்பது? என் மனைவி கடையில் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நம்ம பையனுக்கு" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனவே ஸ்கூட்டர். அதில் 5 யூனிட்டும் அதற்குச் சற்று மேலும் கொள்ளும் பாட்டரியோடு இப்போது மூன்று நான்கு கம்பெனிகள் விற்கின்றன. நான் வாங்கியதும் அந்த வகைதான். பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். எதை வாங்குவது என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே நமக்கு வேண்டியது. 3 யூனிட்டுக்குக் கீழ் உள்ளவற்றை ஊர்ப் பயணத்துக்கு எடுத்துப் பார்க்கவே வேண்டாம். பாட்டரியை நிலையத்தில் மாற்றிக்கொள்ளும் வகை வண்டிகளும் வந்திருக்கின்றன. ஹோண்டா 2024 நவம்பரில் அறிமுகம் செய்த ஆக்டிவா இ அப்படிப்பட்டது; வீட்டில் சார்ஜ் போட முடியாது, மாற்று நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு அது சௌகரியம். மாற்று நிலையத்தை விட்டு நூறு கிலோமீட்டர் விலகிப் போகிறவனுக்கு ஆகாது.

5 யூனிட் பாட்டரியை 22 ஆல் பெருக்கினால் 110. ஊர் 170. ஆகவே வழியில் ஒரு இடத்தில் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். அந்த இடம் கிருஷ்ணகிரி. அல்சூரிலிருந்து 92 கிலோமீட்டர். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 7 மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சத்தோடு போய்ச் சேர்கிறேன். அங்கிருந்து ஊர் இன்னும் 80 கிலோமீட்டர். அதற்கு மூன்றரை யூனிட்டாவது கையில் இல்லாமல் நகர மாட்டேன். ஆக இரண்டரை யூனிட் ஏற்ற வேண்டும்.

ஏற்றும் வழி இரண்டு. ஒன்று, வேக சார்ஜர். இதில் ஒரு சங்கதியைக் கடையில் சேர்ந்து நின்று கேட்க வேண்டும்: எந்த முனை? நெடுஞ்சாலை ஹோட்டல்களில் இருக்கும் பெரிய சார்ஜர்கள் காருக்கானவை. அவற்றின் முனை பெரும்பாலான ஸ்கூட்டர்களில் நுழையாது. ஸ்கூட்டர் கம்பெனிகள் ஆளுக்கொரு முனை வைத்திருந்தன. 2023-ல் ஏதர் உருவாக்கிய முனையை இந்திய தர நிர்ணய அமைப்பு பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஹீரோவின் விடா வண்டியும் அதையே பயன்படுத்துகிறது. ஆனாலும் எல்லாரும் அதற்கு வந்துவிடவில்லை. உங்கள் வண்டியின் முனை உங்கள் ஊர்ச் சாலையில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிய பிறகே பணம் கட்டுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வரை எனக்குக் கவலையில்லை. ஊத்தங்கரைக்கு அப்பால் நான் எந்த சார்ஜரையும் நம்பிப் போவதில்லை. இருக்கும் இடத்திலும் போனில் காலி என்று காட்டும். போய்ப் பார்த்தால் ஹோட்டலுக்குச் சாப்பிட வந்த கார் ஒன்று முன்னால் அடைத்துக்கொண்டு நிற்கும், டிரைவர் தோசை சாப்பிட்டு வரும்வரை நாம் வாசலில் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழி சாதாரண 15 ஆம்பியர் பிளக். கூடவே தூக்கிப்போகும் சார்ஜர் மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏற்றும். இரண்டரை யூனிட்டுக்கு மூன்று மணி நேரம். சில கம்பெனிகளில் சுவரில் மாட்டும் சார்ஜர்தான் வண்டியோடு வரும், தூக்கிப்போகும் சார்ஜருக்குத் தனிக் காசு. அதையும் கேளுங்கள். அந்தப் பிளக்குக்கு எங்கே போவது? இங்கேதான் நமக்கு, ஊர் உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் என் பெரியப்பா மகள், அக்கா வீடு. பெட்ரோல் வண்டி ஓட்டிய காலத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால்தான் அந்தப் பக்கம் திரும்புவேன். பைபாஸில் அப்படியே பறந்துவிடுவேன். இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை காலை 7 மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நிற்கிறேன். வண்டி திண்ணையோரம் மின்சாரம் சாப்பிடும், நான் உள்ளே இட்லி சாப்பிடுவேன். மாமாவோடு மூன்று மணி நேரப் பேச்சு. மின்சாரத்துக்குக் காசு கொடுத்தால் அக்கா அடிக்கவே வருவாள். ஆகவே பெங்களூரிலிருந்து காபிப் பொடி அரைத்து வாங்கிப் போகிறேன். பெட்ரோல் வண்டியில் ஒன்பது, ஒன்பதரைக்குப் போய்ச் சேருவேன். இப்போது பன்னிரண்டரை ஆகிறது. மூன்று மணி நேரம் நஷ்டம் என்று பையன் சொல்கிறான். அக்கா அப்படிச் சொல்வதில்லை.

ஊரில் போய்ச் சேர்ந்ததும் அடுத்த பிரச்சினை. எங்கள் வீடு 1970-களில் ஒயரிங் செய்தது. எல்லாம் 5 ஆம்பியர், எர்த் என்ற பேச்சே கிடையாது. அதில் சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும், ஏற்றாது. அது நல்லதற்குத்தான். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, 15 ஆம்பியர் பிளக், 30 மில்லியாம்பியருக்கே துண்டிக்கும் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச், குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் எல்லாம் செய்தேன். பிளக்கைத் திண்ணையில் வைக்கலாம் என்றார் அவர். நான் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு இருபதடி தள்ளி, மாடு இல்லாத மாட்டுக் கொட்டகையில் வைக்கச் சொன்னேன்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாட்டில் வேறு சில இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு அரசு பாட்டரிக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஏ.ஐ.எஸ். 156 என்ற அந்தத் தரத்தின் திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. எனவே பழைய வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் நான் வாங்க மாட்டேன். எல்.எஃப்.பி. என்ற வகை பாட்டரி கிடைத்தால் அது வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், ஆயுளும் அதிகம். அதே யூனிட்டுக்கு எடையும் இடமும் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். எந்த வகையானாலும் என் வீட்டு விதிகள் இவை. வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வாசலை மறித்து வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடக் கூடாது. தூங்கும்போது போடக் கூடாது. வெயிலில் நூறு கிலோமீட்டர் ஓடி வந்த சூட்டோடு போடக் கூடாது, அரை மணி ஆறட்டும். 81 வயது அம்மா தனியாக இருக்கும் வீடு அது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பெங்களூரில் அடுக்குமாடிவாசிகளுக்கு இன்னொரு தலைவலி. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் வைக்க எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏழு மாதம் இழுத்தடித்தது. ஒருவர் தீ என்றார், ஒருவர் பொது மின்சாரம் என்றார், ஒருவர் எதற்கும் வேண்டாம் என்றார். மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டு நெறிகளில், உரிமையாளர்கள் தங்கள் வீட்டு மின் இணைப்பிலிருந்தே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, என் சொந்த மீட்டரிலிருந்தே ஒயர் இழுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வழிவிட்டார்கள். வண்டிக்கு முன்பணம் கட்டும் முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போய்வர 340 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 55 கொடுத்தால் ஆறு லிட்டருக்கு மேல். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, ஆக 620 ரூபாய் போல. மின்சாரத்தில் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 17, 18 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் 125. வேக சார்ஜரில் போட்டால் இதைவிடக் கூடும். வருடத்துக்கு 26 தடவை போனால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்து இருபதாயிரம் என்று வையுங்கள். பெட்ரோல் ஸ்கூட்டரைவிட எழுபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும். மானியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 2021-ல் யூனிட்டுக்கு 15,000 ரூபாய் வரை இருந்தது. 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 5,000. 2025 ஏப்ரலில் 2,500 ஆனது. கரையும் பனிக்கட்டிக்கு முன்னால் குடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பயனில்லை.

பாட்டரி உத்தரவாதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 8 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் கொடுக்கின்றன, சில கூடுதல் பணத்துக்கு. 8 வருடம் என்ற எழுத்துத்தான் பெரிதாக இருக்கும். நம்மைப்போல் ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு வருடம் 12,000, 13,000 கிலோமீட்டர் ஓடிவிடும். ஆறரை வருடத்திலேயே 80,000 வந்துவிடும். வண்டி விற்கும்போதும் இதையே பார்ப்பார்கள். அதோடு ஊர்ப்பக்கம் சர்வீஸ் எங்கே என்றும் பாருங்கள். பஞ்சர் போட செங்கத்தில் ஆள் உண்டு. கம்ப்யூட்டர் பிழை என்று திரையில் எண் காட்டினால் அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கைதான் பார்ப்பார். எனக்குத் திருவண்ணாமலையில் சர்வீஸ் இருக்கும் கம்பெனி வேண்டும் என்பதே கடைசி முடிவைத் தீர்மானித்தது.

எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. நடுராத்திரி ஊரிலிருந்து போன் வந்தால்? என் மனைவி இதை முதல் நாளே கேட்டாள். சென்ற ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அப்படி வந்தே விட்டது. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் செங்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வண்டியில் 60 சதவீதம்தான் இருந்தது. அது 100 ஆக இருந்திருந்தாலும் நான் அதில் போயிருக்க மாட்டேன். பெட்ரோல் வண்டி நின்றிருந்தாலும் அதில் போயிருக்க மாட்டேன். ஐம்பத்தாறு வயதில், பதறிய மனதோடு, இரவில் 170 கிலோமீட்டர் இரண்டு சக்கரத்தில் போகக் கூடாது என்று மனைவியும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம். பத்தரை மணி திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினோம். செங்கத்தில் இறங்கும்போது மூன்று மணி. அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரக் கட்டு. கட்டு போட்ட கையைத் தூக்கிக்காட்டி, "வண்டியிலயா வந்தே, இந்தக் குளிர்ல?" என்றுதான் முதலில் கேட்டார். ஆகவே நெடுந்தூர வண்டி தேடும் அன்பர்கள், அந்த ஒரு இரவுக்காகப் பெரிய பாட்டரி தேடி இரண்டு லட்சம் கூடுதலாகப் போட வேண்டாம். கடைசி பஸ், ரயில் நேரங்களையும், நம்பிக்கையான ஒரு டாக்சிக்காரர் எண்ணையும் பீரோ கதவில் ஒட்டி வையுங்கள். நாங்கள் ஒட்டியிருக்கிறோம்.

மைசூர்ப் பக்கம் போகும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் நடுத்தடத்தில் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. பக்கச் சாலையில்தான் போக வேண்டும். வேகம் குறைவதால் பாட்டரிக்கு அது லாபம்தான், நேரம்தான் கூடும். வேலூர், சேலம்காரர்கள் என் கணக்கையே எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு நிறுத்தம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், பாதியோடு போகக் கூடாது. மதுரை, திருநெல்வேலி அன்பர்கள் என்னைக் கேட்க வேண்டாம். உங்களுக்கு ரயில் இருக்கிறது. ஊருக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் நம் சங்க நூலகத்தில் இருப்பேன். வண்டி வெளியே நிற்கும். ஓட்டிப் பார்க்கலாம், மனைவியின் சிட்டையையும் பார்க்கலாம்.